கார் மின்சாரத்துக்கு மாறினால் நம் பட்டறைகள் என்ன ஆகும்? கொங்கு நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை கணபதியில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இருபத்தெட்டு ஆண்டுகளாக என் முக்கிய வேலை இன்ஜினில் வால்வ் நேராக ஏறி இறங்கப் பிடித்துக்கொள்ளும் வால்வ் கைடு கடைந்து கொடுப்பது. மின்சார காரில் வால்வும் இல்லை, வால்வ் கைடும் இல்லை. அதனால் இந்த மாற்றத்தைப் பற்றி நான் படித்ததும் விசாரித்ததும் பிழைப்புக்காகத்தான். தொழிற்பேட்டை டீக்கடையிலும் உறவினர் வீட்டு விசேஷங்களிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு, எனக்கு உறுதியாகத் தெரிந்த அளவில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கார் நிறுவனங்கள் உண்மையிலேயே இன்ஜினைக் கைவிடுகின்றனவா? ஒரு நாள் அப்படி என்கிறார்கள், மறுநாள் இல்லை என்கிறார்களே?

இரண்டு செய்தியும் உண்மைதான். 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகன் தன் டீசல் கார்களின் புகைச் சோதனையில் மென்பொருள் வைத்து ஏமாற்றியது அமெரிக்காவில் அம்பலமானது. அதன்பிறகு ஐரோப்பிய நிறுவனங்களுக்கு டீசல் மீதிருந்த நம்பிக்கை உடைந்தது, பெரும் பணம் மின்சாரத்தின் பக்கம் திரும்பியது. சீனாவில் பேட்டரி செய்யும் நிறுவனமாக 1995-ல் தொடங்கிய பிஒய்டி, 2022 மார்ச்சில் பெட்ரோலில் மட்டும் ஓடும் கார் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. நார்வேயில் 2024-ல் விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு எண்பத்தெட்டுக்கும் மேல் முழு மின்சாரக் கார்கள்.

மறுபக்கம், 2030-க்குள் மின்சாரக் கார் மட்டுமே விற்போம் என்று 2021-ல் அறிவித்த வோல்வோ, 2024 செப்டம்பரில் அந்த இலக்கைத் தளர்த்தியது. ஃபோர்டு ஒரு பெரிய மின்சார எஸ்யூவி திட்டத்தையே ரத்து செய்தது. 2035-க்குப் பிறகு புகை விடும் புதிய கார் கூடாது என்று 2023-ல் சட்டம் போட்ட ஐரோப்பிய ஒன்றியத்திலேயே, அதைச் சற்றுத் தளர்த்தும் யோசனையை 2025 டிசம்பரில் அதன் ஆணையம் முன்வைத்தது.

பட்டறைக்காரன் கண்ணில் இதைப் பார்க்கிறேன். எந்த ஆண்டில் இன்ஜின் நிற்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் முற்றிலும் புதிய இன்ஜினை வடிவமைக்க நிறுவனங்கள் பணம் போடுவது குறைந்துகொண்டே வருகிறது. புதிய இன்ஜின் இல்லையென்றால் நமக்குப் புதிய ட்ராயிங் (செய்ய வேண்டிய பாகத்தின் வரைபடம்) வராது. பழைய ட்ராயிங்குக்கே ஆர்டர் வந்துகொண்டிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் விலையைக் குறைக்கச் சொல்வார்கள், ஒரு நாள் நின்றுபோகும். எனக்கு அப்படித்தான் நடந்தது. பதினாறு ஆண்டுகள் வேலை கொடுத்த ஒரு நிறுவனம், கடைசி ஆர்டர் இதுதான் என்றுகூடச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டது.

மின்சாரக் கார் முன்பே இருந்ததே, அப்போது ஏன் ஓடவில்லை?

பேட்டரி விலைதான் காரணம். ஜெனரல் மோட்டார்ஸ் 1996-லேயே இவி1 என்ற காரை வெளியிட்டுப் பிறகு கைவிட்டது. 2010 வாக்கில் ஒரு யூனிட் மின்சாரம் பிடிக்கும் லித்தியம் பேட்டரி ஆயிரம் டாலருக்கும் மேல். 2024-ல் உலகச் சராசரி சுமார் 115 டாலர். மற்ற காரணங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

நான் வாகன உதிரிபாகம் செய்கிறேன். என் பட்டறை தப்புமா?

"வாகன உதிரிபாகம்" என்று மொத்தமாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, உங்கள் பட்டறையில் இருக்கும் எல்லா ட்ராயிங்குகளையும் மேசை மேல் பரப்புங்கள். ஒவ்வொரு பாகமும் காரில் எங்கே உட்காருகிறது என்று பார்த்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், இன்ஜினோடு போகிறவை: பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராட், கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட், வால்வ், லைனர், ஃப்ளைவீல், கிளட்ச், சைலன்சர், எரிபொருள் பம்ப், ஆயில் ஃபில்டர், டர்போ பாகங்கள். கியர்பாக்ஸ் முழுதாகப் போகாது. ஆனால் ஐந்தாறு கியர் இருந்த இடத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு வேகக்குறைப்பு கியர்தான் இருக்கும். அதை மிகத் துல்லியமாக அரைத்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சத்தம் கேட்கும். இன்ஜின் இரைச்சல் இல்லாத காரில் சிறிய கியர் சத்தமும் ஓட்டுநர் காதில் விழும்.

இரண்டாவது குவியல், காரில் எது ஓடினாலும் தேவைப்படுபவை: பிரேக் டிஸ்க், ஹப், சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் ஸ்டீயரிங் நக்கிள், சஸ்பென்ஷன் கைகள், ஸ்பிரிங், ஹாரன், வைப்பர், மீட்டர் போர்டு, சீட் ஃபிரேம், கதவுக் கீல். இதில் கொங்கு நாட்டுக்கு நல்ல பங்கு உண்டு. பெருந்துறையில் நக்கிள் வார்க்கிறார்கள், கோவையில் ஹாரனும் மீட்டரும் செய்கிறார்கள். பேட்டரியின் எடையால் மின்சாரக் கார் கனமாக இருக்கும். அதனால் சஸ்பென்ஷன் பாகங்கள் இன்னும் வலுவாக வேண்டும். பிரேக் மட்டும் சற்றுக் குறைவாகத் தேயும், ஏனென்றால் வேகம் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது.

மூன்றாவது குவியல் உங்கள் மேசையில் இப்போது காலியாக இருக்கலாம்: மோட்டார் ஹவுஸிங், மோட்டாருக்குள் சுழலும் ரோட்டாரின் ஷாஃப்ட், மோட்டாருக்குள் அடுக்கும் ஸ்டாம்பிங் தகடு, பேட்டரி ட்ரே, குளிர்விக்கும் அலுமினியத் தகடு, மின்சாரம் கடத்தும் தாமிரப் பட்டையான பஸ்பார், கன்ட்ரோலர் பெட்டி, உயர் மின்னழுத்தக் கேபிள் இணைப்புகள்.

முதல் குவியலில் உங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் இருந்தால் கடன் வாங்கி அதே வேலைக்குப் புதிய மெஷின் போடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பங்கள் அப்படி மாட்டிக்கொண்டன. போடுவதாக இருந்தால் எந்த வேலைக்கும் பயன்படும், கணினிக் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் சிஎன்சி, விஎம்சி மெஷின் போடுங்கள். ஒரே பாகத்துக்கென்று செய்யப்படும் சிறப்பு மெஷின் வேண்டாம்.

கோவை மோட்டார் ஊர்தானே? கார் மோட்டாரையும் நாமே செய்துவிட முடியாதா?

என் மனதுக்கு மிக நெருக்கமான கேள்வி இது. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் இது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் பைக்காரா நீர்மின்சாரம் மலையிலிருந்து இறங்கிவந்து மில்களை ஓட்டத் தொடங்கியிருந்தது. பின்பு கிணற்று மோட்டார், சப்மர்சிபிள், வெட் கிரைண்டர் மோட்டார் என்று தெருவுக்குத் தெரு வைண்டிங் கட்டும் ஊரானோம்.

நம் பம்பில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். காந்தக் கட்டி இல்லாமல், காயிலில் ஓடும் மின்சாரத்தாலேயே ரோட்டாரைச் சுழற்றும் இது, நிகோலா டெஸ்லா 1888-ல் காப்புரிமை பெற்ற அதே வகை. 2012-ல் வந்த டெஸ்லா மாடல் எஸ் காரை ஓட்டியதும் காந்தம் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார்தான். அதன் ரோட்டாரில் தாமிரக் கம்பிகள் இருந்தன. சப்மர்சிபிள் ரோட்டாரில் தாமிரக் கம்பி நுழைத்து, உருக்கிய உலோகத்தால் ஒட்டும் பிரேஸிங் வைத்துப் பழகிய கைகளுக்கு அது அந்நியமான பொருள் அல்ல.

ஆனாலும் "நமக்குத் தெரிந்ததுதானே" என்று அலட்சியமாக இறங்கினால் தோற்போம். கிணற்று மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2,880 சுற்று சுற்றும். கார் மோட்டார் பத்தாயிரத்தைத் தாண்டும். அந்த வேகத்தில் ரோட்டார் பேலன்ஸில் ஒரு கிராம் பிசகினாலும் பேரிங் தாங்காது. நாம் பழகிய ஸ்டாம்பிங் தகடு 0.5 மில்லிமீட்டர் கனம், காருக்கு 0.35-க்கும் கீழே போகிறது. உருண்டைக் கம்பிக்குப் பதிலாகப் பட்டைத் தாமிரத்தைக் கொண்டை ஊசி போல வளைத்துச் செருகி, முனைகளை வெல்டிங் செய்கிறார்கள். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரிலிருந்து வரும் மின்னழுத்தம் துள்ளித் துள்ளி வருவதால், வீட்டு மின்சாரத்துக்குப் போதுமான, கம்பி மேல் இருக்கும் இனாமல் பூச்சு அங்கே போதாது. கார் நிறுவனம் ஒவ்வொரு மோட்டாருக்கும் சோதனைப் பதிவும் கேட்கும்.

இப்போதைய கார் மோட்டார்களில் பெரும்பாலானவை நியோடிமியம் காந்தம் வைத்தவை. சிறியதாகவும் திறன் மிக்கதாகவும் இருப்பதால் அதை விரும்புகிறார்கள். அந்தக் காந்தத் தொழில் பெரும்பாலும் சீனாவின் கையில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கியதும் இந்திய வண்டி நிறுவனங்கள் தவித்தன. காந்தம் இல்லாத மோட்டாரை மறுபடியும் தேடும் நேரம் இது. அந்தத் தேடலில் கோவை பீளமேட்டு மோட்டார்காரர்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும் என்று நான் நம்புகிறேன். பம்ப் சங்கங்களும் இன்ஜினீயரிங் கல்லூரிகளும் சேர்ந்து ஓர் அதிவேக மோட்டார் சோதனைக் கூடம் அமைத்தால், தனியாக அந்தச் செலவு செய்ய முடியாத ஐம்பது பட்டறைகள் பிழைக்கும்.

ஐம்பது வயதாகிறது. இனிமேல் புதிதாக என்ன கற்றுக்கொள்வது?

என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். அவர் அவிநாசிப் பக்கம் ஆயில் இன்ஜின் மெக்கானிக். அவருடைய அப்பா காலத்தில் கிணற்றில் கவலை இறைத்தார்கள். மாடு பின்னோக்கி நடக்கும், தோல் பறி இறங்கும், மறுபடி ஏறும். பின்பு டீசலில் ஓடும் ஆயில் இன்ஜின் வந்தது, அப்பாவுக்கு வேலை வந்தது. விடியற்காலையில் கிணற்றடிகளில் கேட்கும் டப்டப் சத்தத்தை வைத்தே எந்தத் தோட்டத்து இன்ஜினில் கோளாறு என்று சொல்வார். அப்புறம் மின்கம்பம் நட்டார்கள். கரண்ட் மோட்டார் வைக்காத தோட்டம் குறைந்துகொண்டே போனது.

அப்பாவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கோவையில் ஒரு வைண்டிங் கடையில், பதினேழு பதினெட்டு வயதுப் பையன்களுக்கு நடுவே ஒரு வருடம் உட்கார்ந்து காயில் கட்டக் கற்றார். அந்தப் பையன்கள் அவரை "அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே தப்பைத் திருத்துவார்களாம். முதல் ஆறு மாதம் அம்மா இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றிக் குடும்பத்தைத் தாங்கினார். அதன்பிறகு இருபது ஆண்டுகள் மோட்டார் கட்டித்தான் எங்களைப் படிக்க வைத்தார்.

அதாவது இன்ஜினிலிருந்து மோட்டாருக்கு மாறுவது நம் கிணற்றடியில் ஏற்கெனவே ஒருமுறை நடந்து முடிந்த கதை. அதில் மாறியவர்களும் இருந்தார்கள், மாறாமல் நொடிந்தவர்களும் இருந்தார்கள். அப்பாவின் நண்பர் ஒருவர் கடைசிவரை ஆயில் இன்ஜினை விடவில்லை. அவர் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். அந்த ஒரு வருடத்துக்குச் சோறு போட வீட்டில் என்ன வழி இருந்தது என்பதுதான் இருவருக்கும் இருந்த வித்தியாசம். எனவே அரசும் சங்கங்களும் பயிற்சி தருவதோடு நிற்காமல், பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகையும் தர வேண்டும்.

ஃபவுண்டரிகளின் நிலை?

இன்ஜின் பிளாக், ஹெட், மேனிஃபோல்டு வார்ப்பவர்களுக்குக் கடினம். ஹப், நக்கிள், பிரேக் பாகங்கள், பம்ப், வால்வு பாடி வார்ப்பவர்களுக்கு வேலை தொடரும். எடை குறைக்க வேண்டியிருப்பதால் புதிய பாகங்களில் அலுமினியம் அதிகம். இரும்பு ஃபவுண்டரியை அப்படியே அலுமினியத்துக்குத் திருப்ப முடியாது. உலை வேறு, டை எனும் வார்ப்பு அச்சு வேறு. நீர்க்குளிர்ச்சி உள்ள ஹவுஸிங்கில் ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தாலும் கசிவுச் சோதனையில் கழித்துவிடுவார்கள். ஆனாலும் உலோகம் உறையும்போது எங்கே சுருங்கும், சுருங்கும் இடத்துக்கு உருகிய உலோகம் ஊட்டும் ரைசரை எங்கே வைக்க வேண்டும் என்ற அறிவு, வார்ப்புக்கு மாதிரி செய்யும் பேட்டர்ன்காரர்களிடம் இருக்கிறது, அது வீணாகாது.

நாமக்கல், சங்ககிரி லாரிகளும் போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் மாறுமா?

சீக்கிரம் மாறாது என்பது என் கருத்து. சரக்கு ஏற்றி வட மாநிலம்வரை போகும் லாரிக்கு வேண்டிய பேட்டரியின் எடையே சரக்கின் இடத்தைத் தின்றுவிடும். ரிக் வண்டி தோட்டத்தில் நின்றபடி மணிக்கணக்கில் பெரிய கம்ப்ரஸரை ஓட்டுகிறது. அங்கே சார்ஜ் போட இடமும் இல்லை. நகருக்குள் சுற்றும் சிறிய சரக்கு வண்டி, சிமென்ட் ஆலைக்கும் குடோனுக்கும் இடையே ஒரே தடத்தில் போய்வரும் லாரி ஆகியவை முதலில் மாறும்.

கரூர் பாடி கட்டும் தொழில் பற்றி எனக்குக் கவலை உண்டு. மின்பேருந்துகளைப் பல நிறுவனங்கள் பாடியோடு முழுவதுமாகவே கட்டி விற்கின்றன. சேசிஸ் என்ற அடிச்சட்டத்தை மட்டும் வாங்கிவந்து பாடி கட்டும் வழக்கம் குறைந்தால் கரூர்க்காரர்கள் கையில் என்ன மிஞ்சும் என்று இப்போதே அந்த ஊர்ச் சங்கங்கள் பேச வேண்டும்.

ஹைப்ரிட் வந்துவிட்டால் இன்ஜின் பிழைக்குமே?

சில காலம் பிழைக்கும். 1997-ல் பிரியஸ் காரைக் கொண்டுவந்த டொயோட்டா அந்த வழியில் உறுதியாக நிற்கிறது. ஹைப்ரிட் காரில் இன்ஜினும் இருக்கிறது, மோட்டாரும் இருக்கிறது. நமக்கு அது மூச்சு விட நேரம் தரும். இந்த நேரத்தில் இரண்டாம், மூன்றாம் குவியலில் இடம் பிடிக்க வேண்டும்.

கரண்ட் நிலக்கரியில்தானே வருகிறது? புகை இடம் மாறுகிறது, அவ்வளவுதானே?

நியாயமான சந்தேகம். நம் கொங்கு நாட்டிலேயே மேட்டூரில் 1,440 மெகாவாட் அனல் மின்நிலையம் இருக்கிறது, அதன் சாம்பல் பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால் பெட்ரோல் இன்ஜின் தான் குடிக்கும் எரிபொருளில் சுமார் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது, மீதி வெப்பமாகப் போகிறது. மின்சாரக் கார் பேட்டரியில் இருப்பதில் முக்கால் பங்குக்கு மேல் சக்கரத்துக்குத் தருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. ஆடிக் காற்றில் சுழலும்போது அந்த மின்சாரம் நமக்குக் கிடைக்கிறது. சிக்கல் என்னவென்றால், காற்றும் வெயிலும் இல்லாத மாலை நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் சார்ஜ் போட்டால் நிலக்கரியைத்தான் எரிக்க வேண்டிவரும். பகலில் பட்டறைக் கூரை சோலாரில் சார்ஜ் போடுவதே சிறந்தது.

வாங்கினால் செலவு மிச்சமா? மலையேறுமா?

ஒரு கணக்குப் போடலாம். ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர், யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தால், கிலோமீட்டருக்குச் சுமார் ஒன்றரை ரூபாய். லிட்டர் நூறு ரூபாய், பதினைந்து கிலோமீட்டர் என்று வைத்தால் பெட்ரோலுக்குச் சுமார் ஆறேமுக்கால். மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குமேல் ஓட்டுபவர்களுக்கு லாபம் தெளிவாகத் தெரியும். வாரம் ஒருமுறை கோயிலுக்குப் போய்வரும் குடும்பத்துக்கு அதிக விலை கொடுத்து வாங்கிய பணம் திரும்பவே பல ஆண்டுகள் ஆகும். அவசரப்பட வேண்டாம். வீட்டில் சார்ஜ் போட்டால் மின்கட்டணத்தையும் பாருங்கள். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும்.

மலை நன்றாகவே ஏறும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பேட்டரி வேகமாக இறங்கும், பார்த்தால் பயமாக இருக்கும். திரும்பி இறங்கும்போது அதில் ஒரு பங்கு மீண்டும் ஏறிவிடும். முழுச் சார்ஜோடு மலை உச்சியிலிருந்து கிளம்பாதீர்கள், ஏறும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடம் இருக்காது.

கரூர், ஈரோட்டு வெயிலை பேட்டரி தாங்குமா?

தாங்கும், ஆனால் வெப்பம் அதன் ஆயுளைக் குறைக்கும். வெயிலில் ஓட்டிவந்த ஸ்கூட்டரை உடனே சார்ஜில் போடாமல் அரைமணி நேரம் நிழலில் நிறுத்துங்கள்.

பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

மெக்கானிக்கல் வேண்டாம் என்று ஒதுக்காதீர்கள். மெக்கானிக்கலோடு மின்னியல் அடிப்படையும் தெரிந்த பிள்ளைக்குத்தான் வேலை. பாலிடெக்னிக், ஐடிஐ எதுவானாலும் மோட்டார் கன்ட்ரோலர், பேட்டரி மேலாண்மை பற்றிக் கற்றுத் தருகிறார்களா, அதற்கு ஆய்வகத்தில் உண்மையான வண்டி இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் ஊர் வைண்டிங் கூடங்களில் நுணுக்கமான காயில் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருவது பெண்கள். 2008-ல் கோவையில் ஆம்பியர் மின்ஸ்கூட்டர் நிறுவனத்தைத் தொடங்கியவர் ஹேமலதா அண்ணாமலை.

பொள்ளாச்சியில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். முதலில் எதைக் கற்க வேண்டும், எதை வாங்க வேண்டும்?

தம்பி, முதலில் உயிரைப் பார். பழைய காரின் 12 வோல்ட்டைத் தொட்டுப் பழகிய கை உன்னுடையது. மின்சாரக் காரில் 300, 400 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கிறது, சிலவற்றில் 800-ம் உண்டு. நேர்மின்சாரம் பிடித்தால் தசை இறுகி, கையை விடுவிக்க முடியாமல் போகலாம். உயர் மின்னழுத்தம் போகும் ஆரஞ்சு நிறக் கேபிள் எங்கே போனாலும், முறையான பயிற்சி பெறாமல் அதைத் தொடாதே. டயர், சஸ்பென்ஷன், பிரேக், 12 வோல்ட் வயரிங் கோளாறு என்று அதைத் தொடாமலே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. அதில் தொடங்கு.

பயிற்சி முடித்தபின், கோளாறைக் காட்டும் ஸ்கேனருக்கு முன்பு வாங்க வேண்டியது 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையும், அதே அளவு மதிப்பிட்ட மீட்டரும். பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் டிஸ்கனெக்டைக் கழற்றியபின், தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன நிமிடங்கள் காத்திரு. கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பிறகு மீட்டர் வைத்துப் பார்த்து, சுழியம் காட்டிய பின்பே கை வை. கையுறையை ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் வாய்ப்பக்கத்திலிருந்து சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்துக் கன்னத்தருகே வைத்துப் பார். எங்காவது காற்று கசிவதாகத் தெரிந்தால் அதை வெட்டிக் குப்பையில் போட்டுவிடு, வேறு யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளாதபடி.